பதினொரு சரிங்க

எனக்கு வாய் நீளம். ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் வெண்ணிலா எங்கே என்று கேட்டுப் பாருங்கள், "அந்தச் சண்டைக்காரியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையைக் காட்டுவார்கள். பஸ்ஸில் சில்லறைக்குச் சண்டை, கேஸ் சிலிண்டருக்குச் சண்டை, கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தும் டூரிஸ்ட்டோடு சண்டை. ஆனால் இது என் சண்டை இல்லை, மைமூன் அம்மாவின் சண்டை. சண்டையே போடத் தெரியாத ஒரு பொம்பளையை ஒரு விமானக் கம்பெனி சேலம் கோர்ட்டு வரைக்கும் இழுத்த கதை.

மைமூன் அம்மாவுக்கு ஐம்பத்தாறு வயது. ஒண்டிக்கடை ரவுண்டானாவிலிருந்து ஏரிக்கு இறங்குகிற வழியில் மிளகும் காப்பித்தூளும் விற்கிறார். கணவர் முகமது யூசுப் தவறி ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரே மகள் ஹசீனா. என் கடையில் உட்கார்ந்துதான் காலேஜ் விண்ணப்பம் எல்லாம் போட்டாள், என்னை அக்கா என்பாள். கல்யாணமாகி மாப்பிள்ளை அஜ்மலோடு குவைத்தில் இருக்கிறாள்.

மைமூன் அம்மாவிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பார். ஒத்துக்கொண்டார் என்று அதற்கு அர்த்தம் இல்லை. நீங்கள் சொல்வது காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள் என்று அர்த்தம். எதிராளி பேசும்போது சும்மா நின்றால் அது மரியாதைக் குறைவு என்பது அவருடைய நினைப்பு.

என் அப்பா அம்மாசி, மாரமங்கலம் என்கிற மலைக்கிராமத்திலிருந்து மிளகு மூட்டையை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவார். நானும் கூட வருவேன்.

"இந்த வருசம் காய்ப்பே இல்லீங்க" என்பார் அப்பா.

"சரிங்க."

"கூலியாளு நொம்ப கேக்கறாங்க."

"சரிங்க."

"அறுநூத்தி அம்பது குடுத்தாத்தான் கட்டுமுங்க."

"சரிங்க."

அப்பா மூட்டையைத் தொடக்கூட மாட்டார். இப்படி இருபது சரிங்க போன பிறகு மைமூன் அம்மா ஒரு மிளகை எடுத்துக் கடிப்பார். தராசைப் பார்ப்பார். "அறுநூத்தி இருவதுன்னா போட்டுருங்க" என்பார். அந்தப் போட்டுருங்க வந்தால்தான் பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்த அம்மா வார்த்தை மாறியதில்லை. மலைமேல் மிளகு போடுகிற அத்தனை பேருக்கும் இது தெரியும். சரிங்கவை நம்பி எவனும் மூட்டை அவிழ்க்க மாட்டான்.

விமானக் கம்பெனிக்கு மட்டும் தெரியவில்லை. அல்லது தெரியாத மாதிரி இருப்பது அவர்களுக்கு வசதியாக இருந்தது.

போன வருஷம் ஜூன் மாதம். ஹசீனாவுக்குத் தலைப்பிரசவம், ஜூலை முதல் வாரம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அஜ்மலுக்கு எண்ணெய்க் கிடங்கில் ஷிப்ட் வேலை, பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறைதான் லீவு. அம்மா வந்தே ஆக வேண்டும் என்று பெண் பிடிவாதம் பிடித்தாள். மைமூன் அம்மாவுக்கோ விமானம் என்றால் கதிகலங்கும். கொண்டை ஊசி வளைவில் பஸ் இறங்கினாலே கண்ணை மூடிக்கொள்கிறவர். "எனக்கு அதுல ஏறவே பயமா இருக்குது கண்ணு" என்று போனில் எத்தனை தடவை மகளிடம் சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. அந்தப் பேச்சு பின்னால் அவருக்கே வினையாக வந்து நின்றது.

பயந்தாலும் புறப்பட்டார். விசா வந்தது. டிக்கெட்டை நான்தான் போட்டேன், திருச்சியிலிருந்து குவைத்துக்கு, வியாழக்கிழமை சாயங்காலம். போன் நம்பர் அவருடையது. அவருக்கு ஈமெயில் ஏது, அதனால் என்னுடையதைக் கொடுத்தேன். பெட்டிக்குள் சுக்கு, பிள்ளைக்குத் தேய்க்க நல்லெண்ணெய், பிரசவ மருந்துப் பொடி, குழந்தையைச் சுற்றப் பழைய பருத்திப் புடவை நாலு. முப்பது கிலோவுக்கு மேல் விடமாட்டார்கள் என்று மிளகுத் தராசில் வைத்து நிறுத்தார். இருநூறு கிராம் கூடியது. தன்னுடைய புடவை ஒன்றை வெளியே எடுத்துப் போட்டார்.

அந்தத் திங்கட்கிழமைதான் குவைத்துப் பக்கத்து நாடுகளில் சண்டை முற்றியது. டிவியில் தீயும் புகையும். வான்வழியை மூடிவிட்டார்கள், விமானம் எல்லாம் அப்படியே நின்றது. சரி, குண்டு விழுகிற இடத்துக்கு எவன் விமானம் ஓட்டுவான்? அதற்கு நான் கம்பெனியைக் குறை சொல்லவே இல்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்றுதான் இருந்தோம்.

புதன்கிழமை மத்தியானம் கம்பெனியிலிருந்து மைமூன் அம்மாவுக்குப் போன் வந்தது. அவர் கடையில் ஏழெட்டு டூரிஸ்ட், ஒரே கூச்சல். போனில் ஒரு பெண் எழுதிவைத்ததை மூச்சுவிடாமல் படித்திருக்கிறாள், பாதி தமிழ் பாதி இங்கிலீஷ். மைமூன் அம்மா வழக்கம்போல் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். சாயங்காலம் என் கடைக்கு வந்து சொன்னார்.

"ஏரோப்ளேன் கம்பெனில இருந்து பேசுனாங்க கண்ணு. என்னமோ வெவரமாச் சொன்னாங்க. நொம்ப மருவாதியாப் பேசுச்சு அந்தப் புள்ள."

"போகுதாமா, இல்லையா?"

"போகுதாட்டத்தான் இருக்குது. மூணு மணி நேரம் முன்னாடியே போயரோணும்னு நீதானே சொன்ன?"

அன்று சாயங்காலமே வான்வழியைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தியிலும் வந்துவிட்டது. நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். ஈமெயிலைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் என்று கடை வாசலில் நாற்பது பேர் நின்றார்கள். இது என் தப்பு, ஒளிக்கவில்லை.

வியாழக்கிழமை விடிகாலை மழை, மைமூன் அம்மா தனியாகவே புறப்பட்டார். பெரிய ரோட்டில் மரம் விழுந்து கிடந்ததால் குப்பனூர் வழியாக ஜீப் பிடித்து இறங்கி, சேலம் போய், அங்கிருந்து திருச்சி பஸ். விமான நிலைய வாசலில் துப்பாக்கி வைத்திருந்தவர் சீட்டைப் பார்த்தார், இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு இந்த டிக்கெட் செல்லாது என்றார். கம்பெனிக் கவுண்டரில், "நீங்களே நேத்து கேன்சல் பண்ணிட்டீங்களேம்மா" என்றார்களாம்.

அந்த அம்மா அப்போதும் கத்தவில்லை. பெட்டியை வைத்துக்கொண்டு வெளியே ஒரு சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலம் விமானம் தலைக்கு மேலே கிளம்பிப் போனது. ஆமாம், போனது. அதே கம்பெனி, அதே விமானம், அதே நேரம். ஊருக்குத் திரும்ப முடியாமல் கிடந்தவர்கள் எல்லாம் முண்டியடித்த நேரம் அது, சீட்டு மூன்று மடங்கு விலைக்குப் போனது. மைமூன் அம்மாவின் சீட்டில் யாரோ உட்கார்ந்து போனார்கள். வானத்தை மூடினார்கள் என்றால் நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். வானம் திறந்திருந்தது, இவருக்கு மட்டும்தான் கதவு மூடியிருந்தது.

கம்பெனி தானாக ரத்து செய்தால் முழுப் பணத்தையும் தர வேண்டும், இல்லையென்றால் வேறு விமானத்தில் ஏற்ற வேண்டும். பயணி ரத்து செய்தால் இரண்டும் வேண்டாம், ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்து என்று கூப்பன் கொடுத்தால் போதும். அதற்காகத்தான் அந்தப் போன். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது.

அதற்குள் நடக்க வேண்டிய கேடு நடந்துவிட்டது. அதற்கும் நான்தான் கை கொடுத்தேன். திருச்சியில் இவர் உட்கார்ந்திருந்த நேரத்தில் அஜ்மல் எனக்குப் போன் செய்தான். "அக்கா, கம்பெனி மெயிலை அனுப்புங்க, நான் இங்க ஆபீஸ்ல கேட்டுப் பாக்கறேன்." வந்திருந்த மெயிலைப் படிக்காமல் அப்படியே தள்ளிவிட்டேன். அதில் இரண்டாவது வரியிலேயே இருந்தது: பயணியின் விருப்பப்படி பயணம் ரத்து செய்யப்பட்டது.

அஜ்மல் அதை ஹசீனாவிடம் காட்டியிருக்கிறான். ஆறாம் நாள் அவளுக்கு ஆபரேஷன் செய்து ஆண் குழந்தை. அஜ்மல் ஷிப்டில் இருந்தான். அடுத்த படுக்கையில் இருந்த மலையாளத்துப் பெண்தான் தண்ணீர் கொடுத்தாளாம். மூன்றாம் நாள் போனில் மைமூன் அம்மாவிடம் அவள் பேசியது எனக்கும் கேட்டது, ஸ்பீக்கரில் போட்டிருந்தோம்.

"பயமா இருந்துச்சுன்னா சொல்லியிருக்கலாமில்லம்மா. நீயே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு, ஏர்போர்ட்டுல விடலைன்னு எதுக்குப் பொய் சொல்ற?"

"நான் வேண்டாம்னு சொல்லல கண்ணு."

"அப்ப கம்பெனிக்காரன் பொய் சொல்றானா? மெயில் என் கையில இருக்குதும்மா. ஊர்ல இருக்கற எங்க மாமியாகூட படிச்சாங்க. பெத்தவளே வரமாட்டேன்னுட்டாளான்னு கேக்கறாங்க."

நான் குறுக்கே புகுந்து, "அடியே, அது அவங்க திருட்டுத்தனம்டி" என்றேன். "நீங்க எப்பவும் அம்மா பக்கம்தான் பேசுவீங்கக்கா" என்று வைத்துவிட்டாள்.

அப்புறம் அவள் அம்மாவைக் கூப்பிடவில்லை. இவர் கூப்பிட்டால் அஜ்மல் எடுப்பான். "தூங்குறா அத்தை" என்பான். குழந்தை போட்டோ என் போனுக்குத்தான் வரும், அதுவும் அஜ்மலிடமிருந்து. மைமூன் அம்மா கடையை மூடிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்று பார்ப்பார். பெரிதாக்கிக் காட்டச் சொல்வார். விசாத் தேதியும் முடிந்துபோனது. புது டிக்கெட்டுக்கும் புது விசாவுக்கும் அவரிடம் பணமில்லை. பணம் புரட்டிக்கொண்டு போனாலும் வா என்று சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை.

நான் கம்பெனிக்கு எழுதினேன். ஒன்பது மெயில். ஒன்பதுக்கும் ஒரே பதில் வந்தது. வெளிநாட்டில் ஏற்பட்ட அசாதாரணச் சூழலுக்கு நாங்கள் பொறுப்பல்ல, தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், கூப்பனைப் பயன்படுத்தி மகிழுங்கள். மகிழுங்களாம். அங்கே தையல் போட்ட வயிற்றோடு ஒருத்தி, இங்கே கட்டின பெட்டியைப் பிரிக்காமல் ஒருத்தி, இவன் மகிழச் சொல்கிறான். அன்றைக்கு என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள்.

சேலத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். "சண்டைன்னு வந்துட்டா யாரும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றார். சண்டையை மைமூன் அம்மாவா மூட்டினார்? நான் எழுந்து வந்துவிட்டேன். நுகர்வோர் கோர்ட்டில் வக்கீல் இல்லாமலே நாமே மனு போடலாம் என்று படித்தேன். நானே டைப் அடித்தேன்.

என்ன வேண்டும் என்று எழுத வேண்டிய இடம் வந்தது. "டிக்கெட் பணம், நஷ்ட ஈடு, எவ்வளவுன்னு போடட்டுங்க?" என்றேன்.

மைமூன் அம்மா யோசித்தார். "பணத்த நீயே பாத்துப் போட்டுக்க கண்ணு. அந்த ரெண்டாவது வரிய மாத்தி எழுதித் தரச் சொல்லு. நான் வேண்டாம்னு சொல்லலன்னு அவங்க வாயாலயே எழுதோணும். அத எம் புள்ளைக்கு அனுப்போணும்."

அப்படியே எழுதினேன்.

கம்பெனித் தரப்பு வக்கீல் மூன்று வாய்தா வாங்கினார். நாலாவது வாய்தாவுக்குத்தான் வந்தார், சின்ன வயசு, கையில் லேப்டாப். எங்களிடம் ஆதாரம் இருக்கிறது, பயணி முழுச் சம்மதத்தோடு ரத்து செய்தார், குரல் பதிவு உள்ளது என்றார். விசாரித்த தலைவர் ஒரு அம்மா, பேச்சைக் கேட்டால் தெற்கத்திக்காரர் என்று தெரிந்தது. போட்டுக் காட்டுங்கள் என்றார்.

லேப்டாப்பில் அந்தப் பெண்ணின் குரல் ஓடியது. தங்கள் பயணம் பாதிக்கப்படும் வாய்ப்புள்ளதால். சரிங்க. தங்கள் விருப்பத்தின்பேரில் இந்த முன்பதிவை ரத்து செய்து. சரிங்க. டிக்கெட் தொகைக்கு ஈடாகக் கூப்பன். சரிங்க. வேறு இழப்பீடு கோர மாட்டீர்கள் என்பதை. சரிங்க. நடுநடுவே டூரிஸ்ட்டின் கூச்சல், தேன் பாட்டில் என்ன விலை என்று யாரோ கேட்கிறான். நான் விரலை மடக்கி எண்ணினேன். பதினோராவது சரிங்கவில் வக்கீல் பதிவை நிறுத்தினார்.

"இது உங்க குரல்தானேம்மா?"

"ஆமாங்க."

"பதினொரு தடவை சரின்னு சொல்லியிருக்கீங்க."

"சரிங்க."

"அப்ப ரத்து செய்யச் சம்மதிச்சீங்க?"

"இல்லீங்க."

"இப்பத்தானே சரின்னு சொன்னீங்க?"

"நீங்க பேசறதக் கேட்டுக்கிட்டனுங்க."

பின்னால் பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கோர்ட் டவாலியும் வாயைப் பொத்திக்கொண்டார், அவர் சேலத்துக்காரர்தானே. தலைவர் அம்மா சிரிக்கவில்லை. "இது என்ன பழக்கம்?" என்று என்னைக் கேட்டார். மைமூன் அம்மாவுக்காகப் பேச நான் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கியிருந்தேன். எழுந்து அப்பாவின் மிளகு மூட்டையைப் பற்றிச் சொன்னேன், போட்டுருங்கவைப் பற்றிச் சொன்னேன். "எங்கூருல சரிங்கன்னா கையெழுத்து இல்லீங்கம்மா. அந்தப் பதிவுல எங்கயாச்சும் போட்டுருங்கன்னு சொல்லியிருந்தா நாங்க இப்பவே எந்திரிச்சுப் போயர்றோம்" என்றேன்.

"ஊர் வழக்கத்தை எல்லாம் ஒப்பந்தத்தில் சேர்க்க முடியாது" என்றார் வக்கீல். தலைவர் அம்மா ஏதோ எழுத ஆரம்பித்தார். போச்சு, இனி ஹசீனாவுக்கு அனுப்ப ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

அப்போதுதான் மைமூன் அம்மா மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"ஏனுங்க, நான் கடைசியா அந்தப் புள்ளையை ஒண்ணு கேட்டனுங்களே, அது அதுல இல்லீங்களா?"

வக்கீல் லேப்டாப்பை மூடப் போனார். "அது வெறும் முடிவு வணக்கம்தான் மேடம், வழக்குக்குத் தேவையில்லை."

"ஓடட்டும்" என்றார் தலைவர் அம்மா.

ஓடியது. பதினோராவது சரிங்க. அப்புறம் மைமூன் அம்மாவின் குரல்.

"ஏங்கண்ணு, அப்ப நாளைக்கு ஏர்போர்ட்டுக்கு நான் எத்தன மணிக்கு வரோணுங்க? புள்ளத்தாச்சிப் பொண்ணு அங்க காத்துக்கிட்டு இருக்குதுங்க."

அழைத்தமைக்கு நன்றி, இந்த நாள் இனிய நாளாகட்டும் என்றது அந்தப் பெண் குரல். போன் வைக்கப்பட்டது. அதற்கப்புறம் வெறும் இரைச்சல்.

அழைத்தது அவர்கள், நன்றி சொன்னதும் அவர்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மட்டும் ஆள் இல்லை. கம்பெனிக்கு இது முதலிலேயே தெரியும். கேட்டுவிட்டுத்தான் பதினோராவது சரிங்கவோடு நிறுத்தினார்கள். ஒரு தாய் எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டதை வழக்குக்குத் தேவையில்லை என்று ஒருவனால் சொல்ல முடிந்ததே, அதை என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை. தலைவர் அம்மா வக்கீலை ஒரு பார்வை பார்த்தார். பதிவின் முழு நகலையும் இன்றே மனுதாரருக்குக் கொடுங்கள் என்றார்.

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. டிக்கெட் பணம் முழுதும், நஷ்ட ஈடு, அந்த இரண்டாவது வரியைத் திருத்தி ஒரு கடிதம். கம்பெனி மேல்முறையீடு செய்திருக்கிறது. பணமும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. வரவழைக்காமல் நான் விடப்போவதில்லை.

ஆனால் அந்தப் பதிவு எங்கள் கையில் இருந்தது. கோர்ட்டிலிருந்து இறங்கிய அன்றே, சேலம் பஸ் ஸ்டாண்டில் நின்றபடி ஹசீனாவுக்கு அனுப்பினேன். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. என் வாய்க்கு அது பெரிய விஷயம். பஸ் மலை ஏறியது. மைமூன் அம்மா கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தார். பதினாலாவது வளைவில் அவர் மடியில் இருந்த போன் அடித்தது. அஜ்மல் இல்லை, ஹசீனாவே.

ஸ்பீக்கரில் போட்டேன். கொஞ்ச நேரம் குழந்தை சிணுங்கும் சத்தம்தான் கேட்டது. அவள் அழுகிறாள் என்பது அப்புறம்தான் புரிந்தது.

"அம்மா."

"சொல்லு கண்ணு."

"மணி கேட்டிருக்கியேம்மா."

"ஆமா கண்ணு."

"நான்தாம்மா உன்னைய நம்பல. அஜ்மலுக்கு அடுத்த மாசம் போனஸ் வருது. விசாவுக்கும் சேத்து டிக்கெட் போட்டுரட்டுமா? பயமா இருந்தா இப்பவே சொல்லிரு."

பஸ் அடுத்த வளைவில் திரும்பியது. மைமூன் அம்மா கண்ணைத் திறந்து கீழே பள்ளத்தைப் பார்த்தார். இந்தத் தடவை சரிங்க என்று சொல்லவில்லை.

"போட்டுரு கண்ணு" என்றார்.